நான்கே நான்கு மிஞ்சிய வல்லூறு

"காட்டில் நான்கே நான்கு மிஞ்சிய ஒரு பறவை இனம் மீண்டு வர முடியுமா? மொரீஷியஸ் வல்லூறை நேரில் பார்த்தவர் என்ற முறையில் சொல்லுங்கள், அது உண்மையிலேயே பிழைத்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு, முடியும் என்பதே பதில், முடிந்தும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் வரைக்கும் பிழைத்திருக்கும் பறவை அது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க, அந்தப் பறவையின் உடம்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

நம் ஊரில் குளிர்கால மாதங்களில், மேய்ச்சல் நிலத்துக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும் செந்நிற வல்லூறைப் பார்த்திருப்பீர்கள். கெஸ்ட்ரல் என்று சொல்லப்படும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் மொரீஷியஸ் வல்லூறும். அதன் முன்னோர் ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து வந்ததாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. வந்து சேர்ந்த தீவில் திறந்தவெளி அதிகம் கிடையாது. கரை முதல் மலை வரை காடு. அந்தரத்தில் நின்று புல்லுக்குள் எலி தேடும் பிழைப்பு அங்கே செல்லுபடியாகாது. தலைமுறை தலைமுறையாக இறக்கை குட்டையானது, முனை மழுங்கியது. வல்லூறு இனத்துக்கே உரிய நீண்டு கூரிய இறக்கையை விட்டுவிட்டு, நம் தோப்புகளுக்குள் புகுந்து ஓணான் பிடிக்கும் வைரியின் இறக்கையை ஒத்த ஒன்றுக்கு அது வந்து சேர்ந்தது. கிளைகளுக்கு நடுவே சட்டென்று திரும்பவும், மரத்தண்டை உரசுவதுபோல் பாய்ந்து நிற்கவும் அந்த இறக்கைதான் தோது. ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே நிறம். பெண் சற்றுப் பெரியது. எப்படிப் பார்த்தாலும் கால் கிலோவைத் தாண்டாத பறவை.

உணவும் காட்டை ஒட்டியதே. மொரீஷியஸில் பகலில் நடமாடும் மரப்பல்லிகள் பல வகை உண்டு. பளிச்சென்ற பச்சை உடம்பு, முதுகில் சிவப்புப் புள்ளிகள், சிலவற்றுக்கு வால் நீலம். காலை வெயிலுக்குத் தண்டில் அப்பிக்கொண்டிருக்கும். நிழல் அசைந்தால் மறுபக்கம் சுற்றி ஓடிவிடும். இவைதான் வல்லூறின் முதன்மை இரை. தும்பி, சில்வண்டு, சிறு பறவைகள், பின்னாளில் மனிதரோடு வந்த சுண்டெலி, மூஞ்சூறு ஆகியவற்றையும் பிடிக்கும். ஆனாலும் இந்தப் பறவையின் வாழ்வு பெரும்பாலும் பல்லியை நம்பியது. பல்லியோ பழைய மரங்களை நம்பியது. உள்ளூர் மக்கள் இதற்குக் 'கோழி தின்னி' என்று பெயர் வைத்துக் கண்ட இடத்தில் சுட்டார்கள் என்பது வேதனை. வளர்ந்த கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறக்கும் வலு இதற்கு ஒருநாளும் இருந்ததில்லை.

வீழ்ச்சியின் முதல் பகுதி, தீவுகளுக்கெல்லாம் பொதுவான கதைதான். 1598-ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள்; கருங்காலி மரங்களை வெட்டினார்கள்; அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ என்ற பறக்காத பறவை இல்லாமல் போனது. பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் காலங்களில் காடு கரும்புத் தோட்டமானது. இன்று அங்கே நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. கப்பலில் எலி வந்தது, பூனை வந்தது, ஜாவா பக்கத்து நீண்டவால் குரங்கு வந்தது. எலியை ஒழிக்கவென்று இந்தியாவிலிருந்து கீரியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது எலியோடு மற்றதையும் தின்றது. மரப்பொந்திலும் பாறைப்பொந்திலும் கூடு கட்டும் ஒரு பறவைக்கு, பொந்துக்குள் கைவிடத் தெரிந்த குரங்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் பகுதிதான் மிஞ்சியிருந்ததையும் கிட்டத்தட்ட முடித்துவிட்டது: கொசுவை ஒழிக்கத் தெளித்த டிடிடி என்ற பூச்சிமருந்து. இதைப் பற்றிப் பேசும்போது பலர் மனிதரின் ஆணவம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. 1860-களின் பிற்பகுதியில் மொரீஷியஸைத் தாக்கிய மலேரியா பல்லாயிரம் பேரைக் கொன்றது. அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் தமிழர்களும் பிகார்ப் பகுதி மக்களும் அந்தக் காய்ச்சல் சுழன்ற மண்ணில்தான் தலைமுறைகளைக் கழித்தார்கள். 1940-களின் இறுதியில் டிடிடி தெளிப்பு தொடங்கியதும் மலேரியா மளமளவென்று அடங்கியது. 1973-ல் தீவு மலேரியா அற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த மருந்தை அடித்தவர்கள் குற்றவாளிகள் இல்லை.

ஆனால் மருந்து கொசுவோடு நின்றுவிடவில்லை. பூச்சியின் உடம்பில் ஏறியது பல்லிக்குப் போனது. நூற்றுக்கணக்கான பல்லிகளைத் தின்ற வல்லூறின் கொழுப்பில் சேர்ந்தது. டிடிடி சிதைந்து உண்டாகும் பொருள், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து படிவதைத் தடுக்கிறது. ஓடு மெலிந்த முட்டை அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கிவிடும். பறவைகள் உயிரோடு இருந்தன, இணை சேர்ந்தன, முட்டையும் இட்டன. குஞ்சுதான் வரவில்லை. வயதானவை ஒவ்வொன்றாகச் செத்தன. தீவின் கிழக்கே பாம்பூ மலைத்தொடரில் இருந்தவை 1950-களிலேயே அற்றுப்போயின. 1974-ல் தென்மேற்கு மலைகளில், கறுப்பாற்றுப் பள்ளத்தாக்குகளின் பக்கம், காட்டில் நான்கு பறவைகள்தான் இருப்பதாகத் தெரியவந்தது. இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்த பெண் ஒன்றே ஒன்று. உலகத்திலேயே அரிதான பறவை என்று அன்று அதைச் சொன்னார்கள்.

அந்த ஆண்டு ஒரு நல்லது நடந்தது. மிஞ்சிய இணை, குரங்கு ஏற முடியாத செங்குத்துப் பாறையின் பொந்தில் கூடமைத்துக் குஞ்சுகளைப் பறக்கவிட்டது. அப்போது அங்கே பணியாற்றிய அமெரிக்கர் ஸ்டான்லி டெம்பிள், இதுதான் திருப்புமுனை என்று கருதினார்: பாறைப்பொந்தில் பிறந்த குஞ்சுகள் வளர்ந்தபின் பாறைப்பொந்தையே தேடும், குரங்குத் தொல்லை அதோடு குறையும். அவருக்குப் பின் வந்தவர்கள், டிடிடி நின்றதுதான் பெரிய காரணம் என்றார்கள். எனக்கு இரண்டாவது விளக்கமே வலுவாகத் தெரிகிறது. பாறைப்பொந்து எப்போதும் இருந்ததுதான். ஓடு நொறுங்கும் முட்டைக்குப் பாறையும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான்.

1979-ல் வேல்ஸ் நாட்டு இளைஞர் கார்ல் ஜோன்ஸ் வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்துகூட இருக்காது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்று கைவிடப்படும் நிலையில் இருந்த திட்டம் அது. இந்தப் பறவைக்குப் பணம் செலவழிப்பதை விடப் பிழைக்க வாய்ப்புள்ள வேறு உயிருக்குச் செலவழிக்கலாம் என்று வெளிப்படையாகவே வாதிட்டவர்கள் உண்டு. ஜோன்ஸ் சிறுவயதிலிருந்தே வீட்டுத் தோட்டத்தில் கெஸ்ட்ரல் வளர்த்துப் பழகியவர். அவர் கையில் எடுத்தது ஆய்வகத்தில் பிறந்த புது நுட்பம் எதுவும் கிடையாது. வல்லூறு வளர்ப்பவர்கள் கையாண்டு வந்த பழைய வித்தைகள்தான்.

அவற்றில் முக்கியமானது முட்டையை எடுத்துவிடுவது. வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்கு இது புரியும்: முட்டையை எடுத்துக்கொண்டே வந்தால் கோழி அடைக்கு உட்காராமல் மேலும் இடும். வல்லூறும் அப்படித்தான். முதல் ஈட்டின் முட்டைகள் பருவத்தின் தொடக்கத்திலேயே போய்விட்டால், சில வாரங்களில் இன்னொரு ஈடு இடும். அந்த இரண்டாவது ஈட்டைத் தாயே அடைகாத்து வளர்க்கட்டும். முதல் ஈடு இன்குபேட்டருக்கு. ஒரு பெண் பறவையிடமிருந்து ஒரே பருவத்தில் இரண்டு மடங்கு குஞ்சு கிடைக்கிறது. ஆனால் இரண்டு முறை முட்டையிட்டால் தாயின் உடம்பு நொந்துபோகும். அதனால் காட்டிலேயே அதற்கு வெள்ளெலி கொடுத்தார்கள். கூப்பிட்ட குரலுக்கு வந்து கையிலிருக்கும் எலியைப் பறித்துப் போகும் அளவுக்குச் சில பறவைகள் பழகின.

இன்குபேட்டருக்குள் நடப்பது சொல்லும்போது எளிதாகத் தெரியும். முட்டை பொரிப்பதற்குள் தன் எடையில் ஏறத்தாழ 15 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். குறைவாக இழந்தால் உள்ளே ஈரம் மிஞ்சிக் குஞ்சு மூச்சுத் திணறும். அதிகமாக இழந்தால் வறண்டு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முட்டையை எடைபோட்டுப் பார்த்து, காற்றின் ஈரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உலகத்தில் அந்த இனத்துக்கு மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணும் முட்டைகள் என்னும்போது, அந்தத் தராசின் முன் நின்றவர்களின் மனநிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

வளர்ந்த குஞ்சுகளில் சிலவற்றைக் காட்டு இணைகளின் கூட்டில் வைத்துவிட்டார்கள். பெற்றோர் வேறுபாடு பார்க்காமல் ஊட்டின. மற்றவற்றைப் பறக்கும் பருவம் வருவதற்கு முன் காட்டில் பெட்டிக்குள் வைத்து, வெளியே வந்து தானாக இரை பிடிக்கும் வரை அங்கேயே உணவு வைத்தார்கள். பொந்து போதாத இடங்களில் கூட்டுப்பெட்டி மாட்டினார்கள். கீரிக்கும் பூனைக்கும் பொறி வைத்தார்கள். 1987 முதல் கிழக்கு மலைகளிலும் பறவைகளை விட்டார்கள். முப்பது ஆண்டுகளாக வல்லூறே இல்லாத இடத்தில் மறுபடி கூடு விழுந்தது. 1994-ல் இந்தத் தீவிரப் பணி நிறுத்தப்பட்டபோது 333 பறவைகள் விடப்பட்டிருந்தன. காட்டில் 222 முதல் 286 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இதே குழு அடுத்து இளஞ்சிவப்புப் புறாவையும் அந்தத் தீவின் பச்சைக்கிளியையும் மீட்டது. ஜோன்ஸுக்கு 2016-ல் இண்டியானாபொலிஸ் பரிசு கிடைத்தது.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேலை நிமித்தமாக அங்கே போயிருந்தபோது, விடுமுறை நாளில் தென்கிழக்கே ஃபெர்னி பள்ளத்தாக்குக்குப் போனேன். ஒரு காலத்தில் நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டு, மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்ட இடம் அது. அக்டோபர் மாதம், அங்கே வசந்தம், கூட்டுப் பருவம். வழிகாட்டி ஒரு திறப்பில் நின்று உதட்டைக் குவித்துச் சீழ்க்கை அடித்தார். பதில் வந்த திசையில் நான் பைனாகுலரைத் திருப்புவதற்குள் ஆண் பறவை எங்கள் தலைக்கு மேலே இருந்த கிளைக்கு வந்துவிட்டது. பைனாகுலருக்குத் தேவையே இல்லை. முதுகு செங்கல் நிறம், குறுக்கே கரும்பட்டைகள். வெள்ளை மார்பில் கறுப்புப் புள்ளிகள். கழுத்தருகே பொடியாகத் தொடங்கி விலாப்பக்கம் போகப் போகப் பெரிதாகி, சில இதய வடிவம் கொள்கின்றன. கண்ணுக்குக் கீழே மீசைக் கோடு. மஞ்சள் கால்களில் நிற வளையங்கள். வழிகாட்டி அந்த வளையங்களைப் பார்த்துவிட்டு அது எந்த ஆண்டு, எந்தக் கூட்டில் பிறந்தது என்று சொன்னார்.

செத்த வெள்ளெலி ஒன்றை அவர் மேலே வீசினார். எலி உச்சிக்குப் போய்க் கீழே திரும்பும் முன்பே அதைக் கால்களால் பற்றிக்கொண்டு பறவை கிளைகளுக்குள் நுழைந்துவிட்டது. அந்த நுழைவைத்தான் நான் மறக்கவில்லை. இரண்டு கிளைகளுக்கு நடுவே இருந்த இடம் என் கையகலத்துக்குச் சற்று அதிகம். இறக்கையை மடக்காமல், உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, வேகம் குறையாமல் போனது. வயல்வெளியில் நான் பார்த்துப் பழகிய செந்நிற வல்லூறு அந்த இடத்தில் மோதி விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் கூட்டுப் பக்கமிருந்து பெண்ணின் குரல் கேட்டது. அது வெளியே வந்து ஆணிடம் எலியை வாங்கிக்கொண்டது. கூட்டுப் பருவத்தில் பெரும்பாலும் ஆண்தான் வேட்டையாடும். பெண் முட்டையையும் சிறு குஞ்சுகளையும் விட்டு நெடுநேரம் நகராது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. 1990-களின் வெற்றியை உலகம் கொண்டாடியது. அருகிவரும் இனம் என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, பாதிக்கப்படக்கூடிய இனம் என்று பட்டியலிட்டார்கள். எண்ணிக்கை தானாக ஏறிக்கொண்டே போகும் என்று நம்பினார்கள். ஏறவில்லை. தென்மேற்கில் குறையத் தொடங்கியது. 2014-ல் மறுபடி அருகிவரும் இனமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. இன்று சில நூறு பறவைகள்தான்.

காரணம் காட்டில் இருக்கிறது. மிச்சமுள்ள காட்டுக்குள் சீனக் கொய்யா என்று அங்கே அழைக்கப்படும் சிவப்புச் சிறு கொய்யா புதராக அடைத்துக்கொண்டு வருகிறது. குரங்கும் மானும் பன்றியும் விதையைப் பரப்புகின்றன. ஓடைக்கரைகளில் மடகாஸ்கரின் விசிறி வாழை. இந்த நெரிசலில் பழைய மரங்களின் கன்றுகள் எழுவதில்லை. பழைய மரம் போனால் பொந்து போகும், பல்லியும் குறையும். இத்தனை நுட்பமாகக் காட்டுக்கென்று வடிவெடுத்த இறக்கைக்கு நுழைந்து வேட்டையாட இடமும் இல்லாமல் போகும்.

மழையும் ஒரு பிரச்சினை. கிழக்கு மலைகளில் ஒவ்வொரு பறவைக்கும் வளையமிட்டு ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருவதால், இந்த அளவுக்கு விவரமாக அறியப்பட்ட வெப்பமண்டலக் காட்டுப் பறவைகள் குறைவு. வசந்தத்தில் மழை நாட்கள் கூடினால் வல்லூறு முட்டையிடத் தாமதிக்கிறது என்று அந்தப் பதிவுகளிலிருந்து தெரிந்தது. தாமதமானால் குஞ்சு கூட்டில் இருக்கும்போதே கோடையின் பெருமழை வந்துவிடும். ஈரத்தில் பல்லி வெளியே வராது. ஆண் வெறும் காலோடு திரும்பும்.

மரபணுக் கதை இன்னும் கனமானது. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பதப்படுத்திய தோல்களை, சில 170 ஆண்டுகள் பழையவை, இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு 2000-ல் வெளியான ஆய்வு, இந்த இனம் தன் பழைய மரபணு வளத்தில் பாதிக்கு மேல் இழந்துவிட்டதைக் காட்டியது. இன்றைய கூட்டம் முழுவதும் மிகச் சில பறவைகளின் வழித்தோன்றல். நான் கிளையில் பார்த்த அந்த ஆணும் அதனிடம் எலி வாங்கிய பெண்ணும் எங்கோ ஒரு தலைமுறையில் உறவினர்களே. புதிதாக ஒரு நோய் வந்தால் சமாளிக்கும் திறன் அவற்றுக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது பெரிய கவலை.

ஆகவே என் கருத்து இது: பறவையைக் கூட்டியது பாதி வேலை. மீதிப் பாதி, கொய்யாவைக் கையால் வெட்டி, மானுக்கு வேலி போட்டு, பழைய மரங்களின் கன்றுகளை நட்டுக் காட்டை மீட்பது. அதையும் அங்கே செய்கிறார்கள். கறுப்பாற்றுத் தேசியப் பூங்காவில் வேலியிட்ட பகுதிகளையும் ஃபெர்னியின் நாற்றங்காலையும் நீங்களே பார்க்கலாம். மெதுவாக நடக்கும் வேலை, புகைப்படத்தில் அழகாக விழாத வேலை. அதனாலேயே நிதி கிடைப்பதும் கடினம். 2022-ல் இந்த வல்லூறைத் தேசியப் பறவையாக அறிவித்தார்கள். அந்தப் பெருமை கொய்யா வெட்டுகிறவர்களின் கூலிக்கும் உதவினால் மகிழ்வேன்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே போங்கள்; ஜனவரிக்குப் பிறகு புயல் பருவம். ஃபெர்னியில் வழிகாட்டியோடு நடப்பது நல்லது. கூட்டுப்பெட்டி கண்ணில் பட்டால் கிட்டே போகாதீர்கள். பெண் வெளியே வந்து கத்தினால் அது அடையை விட்டு எழுந்துவிட்டது என்று பொருள், உடனே விலகிவிடுங்கள். காலை வெயில் மரத்தண்டில் விழும் நேரத்தில் முதலில் பச்சைப் பல்லியைத் தேடுங்கள். பல்லி நிறைந்த மரங்களின் பக்கம்தான் வல்லூறும் வரும்.